நவம்பரில் டி-ஷர்ட் தருவதற்கு முன், செப்டம்பரில் காலைப் பொழுதைக் கொடுங்கள்

மாரத்தானுக்கு ஊழியர் அணி சேர்க்கும் அலுவலகங்களின் மனிதவளத் துறையினருக்கும் அணி மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 43. ஓட ஆரம்பித்து 9 வருடம் ஆகிறது. முழு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர், 4 முறை ஓடியிருக்கிறேன். 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் 20 முறைக்கு மேல். வேகமான ஆள் இல்லை. அரை மாரத்தானுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். எங்கள் அலுவலகத்தில் ஓடுகிற 14 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஷூ வாங்குவதில் தொடங்கி முட்டி வலி வரை எல்லாப் பேச்சும் அதில்தான். சனிக்கிழமை யார் வருகிறார்கள், யார் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

இதை ஜூலையிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரி ஓட்டங்களுக்கு உங்களிடமிருந்து மின்னஞ்சல் வருவது அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோதான். "முதலில் பெயர் கொடுக்கும் 50 பேருக்கு நுழைவுக் கட்டணத்தை நிறுவனமே செலுத்தும்" என்று வரும். கூடவே டி-ஷர்ட் அளவு கேட்டு ஒரு படிவம். அன்று மத்தியானத்துக்குள் 50 இடமும் நிரம்பிவிடும். இந்த வருடத்து மின்னஞ்சலை நீங்கள் எழுத உட்காருவதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானே அப்படி ஒரு மின்னஞ்சலைப் பார்த்துத்தான் ஓட ஆரம்பித்தவன். அப்பாவுக்கு 38 வயதில் சர்க்கரை வந்தது. எனக்கு இன்றுவரை இல்லை. அந்த மின்னஞ்சலை அனுப்பியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லாத ஜனவரி கிடையாது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். கட்டணம் கட்டுகிறீர்கள், டி-ஷர்ட் தருகிறீர்கள், பேருந்து ஏற்பாடு செய்கிறீர்கள். ஓடுகிறவனுக்கு இவை எல்லாவற்றையும்விட வேண்டியது நேரம். அதைக் கொடுங்கள், செப்டம்பரிலிருந்தே கொடுங்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றில் நாங்கள் ஓடிய அரை மாரத்தானில் நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டத்தின் பெயர் வேண்டாம். நடத்தியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்களால்தான் ஓர் உயிர் பிழைத்தது. எங்கள் அணியில் 24 வயதுத் தம்பி ஒருவன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. அமெரிக்க வாடிக்கையாளருக்கான இரவுப் பணி. மாலை 6 மணிக்கு வந்தால் அதிகாலை 3 மணிக்குத்தான் வீட்டுக்கு வண்டி ஏறுவான். கல்லூரியில் கபடி ஆடியவன், நல்ல உடம்பு. 10 கிலோமீட்டருக்குத்தான் பெயர் கொடுக்க இருந்தான். "டீம்ல எல்லாரும் 21 ஓடுறோம், நீ மட்டும் 10 ஓடினா நல்லாவா இருக்கும்?" என்று அவனுடைய மேலாளர் கேட்டிருக்கிறார். மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மேலாளர் சிரித்துக்கொண்டு கேட்பதும் உத்தரவு மாதிரிதான்.

ஆறு வாரத்தில் மொத்தம் எட்டு முறை ஓடியிருந்தான். அதிகபட்சம் 9 கிலோமீட்டர். வெள்ளி இரவுப் பணி முடிந்து சனி அதிகாலை வந்து படுத்தவனை, சர்வரில் ஏதோ கோளாறு என்று மத்தியானம் எழுப்பினார்கள். அன்று இரவு 11 மணி வரை விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து அழைப்பில் இருந்தான். ஞாயிறு அதிகாலை இரண்டரைக்கு நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். கண் சிவந்திருந்தது. தூங்கினாயா என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் தூங்கினேன்ணா, போதும்" என்றான். இன்றைக்கு நீ ஓட வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

16-ஆவது கிலோமீட்டர் தாண்டியபோது எனக்கு முன்னால் அவன் முதுகு தெரிந்தது. எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவும் என்னோடு ஓடிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் கவனித்தார். "தம்பி நேரா ஓடலையே" என்றார். சாலை நடுவில் இருந்த வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தான். வேகத்தைக் கூட்டி எட்டிப் பிடித்து, "தம்பி, எப்படி இருக்க?" என்றேன். "டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டேன்ணா" என்றான். டிக்கெட் என்றால் எங்கள் வேலையில் வாடிக்கையாளர் அனுப்பும் புகார். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்துப் பேசவில்லை. இரவுப் பணியில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்தால், சட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

உட்காரவைக்கப் பார்த்தோம். உட்கார மறுத்தான், "முடிக்கணும்ணா, முடிக்கணும்" என்று திமிறினான். அக்கா அவன் தோளைப் பிடித்து அழுத்தி நடைபாதைக் கல்லில் உட்காரவைத்தார். பக்கத்துத் தண்ணீர் மேசையிலிருந்து இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல. பனியனைக் கழற்றினார்கள். ஐஸ் போட்ட தண்ணீரை வாளியோடு தூக்கி வந்து ஊற்றினார்கள். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார்கள். மருத்துவர் வந்து பார்த்தபோது உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. உடனே வண்டியில் ஏற்றவும் அவர் விடவில்லை. முதலில் சூடு இறங்கட்டும், அப்புறம் மருத்துவமனை என்றார். ஹீட் ஸ்ட்ரோக்குக்கு அதுதான் சரியான முறை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

திங்கட்கிழமை அலுவலக வரவேற்பறைத் திரையில் எங்கள் அணியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் தொடங்குவதற்கு முன் எடுத்த படம். இரண்டாவது வரிசையில் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு அவன் நிற்கிறான். கீழே "50-க்கு 50 பேர்" என்று எழுதியிருந்தது. படம் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்காது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்பது கணக்கில் இருந்தது. எத்தனை பேர் எப்படித் திரும்பினார்கள் என்று கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. அந்தத் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

அவனுக்கு என்ன ஆனது என்று விளக்கமாகச் சொல்கிறேன். முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிற நீங்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற நமக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை காய வேண்டும். கடலோர ஊர்களில் ஜனவரி அதிகாலை குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கிவிடும். இதற்கு உடம்பைப் பழக்க முடியும். அந்தக் காற்றிலேயே தினமும் கொஞ்சம் ஓடினால் 10 முதல் 14 நாளில் உடம்பு நிறைய மாறிக்கொள்ளும். ஆனால் இரவு முழுவதும் ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டுப் பகல் முழுவதும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவன் உடம்பு எப்போது பழகும்? போதாக்குறைக்குத் தூக்கமும் இல்லை என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உங்களில் ஒருவர் எல்லோருக்கும் ஒரு அறிவுரை அனுப்பினார். ஓடும்போது எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீர் குடியுங்கள் என்று இருந்தது. அக்கறையோடுதான் எழுதியிருந்தார். ஆனால் அதுவும் ஆபத்து. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடிவில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2005-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவை வெளியிட்டார்கள். அதில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு, இந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடியவர்களுக்கும் அப்படித்தான். மேசைக்கு மேசை நின்று இரண்டு டம்ளர் குடிப்பவர்கள் நம்மைப் போன்ற மெதுவான ஆட்கள்தானே. தாகத்துக்குக் குடி, நீண்ட ஓட்டத்தில் உப்பும் எடுத்துக்கொள் என்றுதான் எங்கள் குழுவில் சொல்கிறோம். அப்புறம் இன்னொன்று. புறப்படும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்கிற பழக்கம் நம் அலுவலகங்களில் பரவியிருக்கிறது. இபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினால் சிறுநீரகத்துக்குக் கேடு. இதையெல்லாம் ஓட்டத்துக்கு முந்தின நாள் ஒரு மின்னஞ்சலில் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாரா வாரம் கூட ஓடுகிற ஒருவர் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் 5 கிலோமீட்டர் ஓடிப் பழகிய ஒருவர் அரை மாரத்தானுக்குத் தயாராக, அவசரமில்லாமல் ஓடினால், 14 முதல் 16 வாரம் வேண்டும். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், செப்டம்பர் நடுவில் வந்து நிற்கும். நடுவில் என்ன இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை. அக்டோபரின் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் எந்தச் சனிக்கிழமை ஓட முடியும், எந்தச் சனிக்கிழமை வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 16 வாரத்தில் மூன்று நான்கு வாரத்தை மழை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் திட்டம் போடுகிறோம். தீபாவளி ஒரு வாரம். வருடக் கடைசி மென்பொருள் வெளியீட்டு வேலை ஒரு வாரம். நவம்பரில் வரும் மின்னஞ்சலைப் பார்த்துப் பெயர் கொடுப்பவருக்கு மிஞ்சுவது மழை ஓய்ந்த நான்கு சனிக்கிழமை. நான்கு சனிக்கிழமையில் 5 கிலோமீட்டரை 21 ஆக்கப் பார்க்கிறார். முட்டி தாங்காது, குதிகால் தாங்காது. சில பேருக்கு அதைவிடப் பெரிதாகவும் நடக்கும்.

இதில் முக்கியமானது சனிக்கிழமை ஓட்டம்தான். வார நாளில் 40 நிமிடம் எப்படியாவது தேற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம் போகும். வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு ஓட ஆரம்பித்தாக வேண்டும். அதற்கு நான்கு மணிக்கு எழ வேண்டும். அதற்கு வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். இப்போது உங்கள் நாட்காட்டியைத் திறந்து வெள்ளிக்கிழமை இரவைப் பாருங்கள். எத்தனை அழைப்புகள் இருக்கின்றன? "அமெரிக்காவில் இப்போதுதான் காலை, வாரம் முடிவதற்குள் ஒருமுறை பேசிவிடுவோம்" என்று வைத்தவை எத்தனை?

ஆகவே என் கோரிக்கை இதுதான். செப்டம்பர் நடுவிலிருந்து ஓட்டம் முடியும் வரை, ஓட்ட அணியில் இருப்பவர்களுக்கு வெள்ளி இரவு 8 மணிக்கு மேல் அழைப்பு வேண்டாம். இரவுப் பணியில் இருப்பவர்களுக்குப் பணி அட்டவணை போடும்போதே வெள்ளி இரவை விடுமுறையாக வையுங்கள். வேறு நாளில் அவர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். ஓட்டத்துக்கு முந்தைய மூன்று இரவுகளாவது அவர்களைப் பகல் பணிக்கு மாற்றுங்கள். ஓட்டம் முடிந்த திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு. இவ்வளவுதான். எட்டு பேர் கொண்ட அணியில் இரண்டு பேர் ஓடுகிறார்கள் என்றால், மற்ற ஆறு பேர் வெள்ளி இரவைப் பார்த்துக்கொள்வது முடியாத காரியம் இல்லை. ஒருவருக்குக் கல்யாணம் என்றால் பார்த்துக்கொள்கிறோமே.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். 50 பேருக்குக் கட்டணம் கட்டும் பணத்தில் 25 பேரை முறையாகத் தயார் செய்யலாம். 25 பேர் போதும். படத்தில் கூட்டம் குறைவாகத் தெரியும், பரவாயில்லை.

நிறுவனங்கள் ஓட்டக்காரர்களுக்கு நேரம் கொடுப்பது உலகத்தில் இல்லாத வழக்கம் இல்லை. ஜப்பானில் எகிடென் என்று ஒரு தொடர் ஓட்டம் இருக்கிறது. முதன்முதலில் 1917-இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை நடந்தது. ஒருவர் தன் பங்கு தூரத்தை ஓடி முடித்து, தோளில் குறுக்காக மாட்டியிருக்கும் தசுகி என்ற துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் குன்மா மாநிலத்தில் நிறுவன அணிகளுக்கென்றே ஒரு எகிடென் நடக்கிறது. ஏழு பேர், 100 கிலோமீட்டர். புத்தாண்டுக் காலையில் ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும். ஓடுகிறவர்கள் அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்கள். பல நிறுவனங்களில் அவர்களுக்கு அரை நாள் வேலை, மீதி நேரம் பயிற்சி. அவர்கள் தேர்ந்த வீரர்கள், நாம் அப்படி இல்லை, தெரியும். தினமும் அரை நாள் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு இரவுதான் கேட்கிறேன்.

சேர்ந்து ஓடுவது என்றால் என்ன என்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்கே டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் மாரத்தான் நடக்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய விக் கிளாபம் என்பவர், போரில் இறந்துபோன தோழர்களின் நினைவாக 1921-இல் தொடங்கியது. முதல் வருடம் 34 பேர் புறப்பட்டு 16 பேர்தான் முடித்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் முடிவுக் கோட்டை அடைத்துவிடுவார்கள். அங்கே "பஸ்" என்று ஒன்று உண்டு. அனுபவமுள்ள ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீரான வேகத்தில் ஓடுவார், எங்கே நடக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று குரல் கொடுப்பார். மெதுவாக ஓடுபவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக் கூட்டமாகப் பாடிக்கொண்டே போவார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். எங்கள் குழுவிலும் அப்படி ஒரு சின்ன பஸ் ஓட்டுகிறோம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம். ஓடும்போது பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்போம். அதுதான் எங்கள் ஒரே விதி.

அந்த பஸ்ஸில் பதவி கிடையாது. எங்கள் பிரிவின் துணைத் தலைவர் ஒருமுறை வந்தார். அலுவலகத்தில் அவர் அறைக்குள் போக இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். அன்று 11-ஆவது கிலோமீட்டரில் அவருக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. எங்கள் கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்களோடு ஓடுவார். அவர் தரையில் உட்கார்ந்து துணைத் தலைவரின் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடித்தபடி, "மூச்சை விடுங்க சார், இறுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். அப்புறம் இருவரும் சேர்ந்து மெதுவாக நடந்து வந்தார்கள். தோழமைக்காக நீங்கள் விடுதிகளில் நடத்தும் விளையாட்டுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று அங்கே நடந்ததில்லை.

அந்தக் காவல் அண்ணன் உங்கள் அணியில் கிடையாது. இதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியல் எடுக்கும்போது ஊழியர் எண் கேட்கிறீர்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அந்த எண் இல்லை. கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறமே வேறு. எங்கள் தளத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கண்ணகி நகரிலிருந்து வருகிறார். சனிக்கிழமை ஓட்டத்தைப் பற்றி நாங்கள் திங்கட்கிழமை பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு ஒருநாள், "நானும் வரலாமா சார்? பள்ளிக்கூடத்துல 800 மீட்டர்ல ரெண்டாவது வந்தவ" என்றார். மகளின் பள்ளிக்கூட வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு அளவு சின்னது, கட்டை விரல் முட்டக்கூடாது என்று முன்பக்கத் துணியை பிளேடால் கொஞ்சம் கீறிவிட்டிருந்தார். முதல் நாளே 6 கிலோமீட்டர். எங்களில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால். ஜனவரியில் அவர் 10 கிலோமீட்டர் ஓடினார். ஷூவும் கட்டணமும் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக் கொடுத்தோம். அவர் அணிந்திருந்த டி-ஷர்ட் மட்டும் எங்களுடையது மாதிரி இல்லை. படம் எடுக்கும்போது ஓரமாகப் போய் நின்றார், கூப்பிட்டும் வரவில்லை. இந்த வருடம் அவரை ஓரத்தில் நிற்கவிடாதீர்கள். உங்கள் கட்டடத்தில் உங்களோடு எட்டு மணி நேரம் இருப்பவர் எல்லோரும் உங்கள் அணிக்காரர்தான். அவர்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் அவர்களுக்காகச் சனிக்கிழமைக் காலையைக் கேட்டுப் பெறுவதும் உங்களால்தான் முடியும், எங்களால் முடியாது.

பெண்களைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் 14 பேரில் பெண்கள் 5. இன்னும் வர ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை நாலரை மணிக்கு மேடவாக்கத்திலிருந்து பெசன்ட் நகருக்கு எப்படி வருவது என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்த நேரத்தில் திறந்திருக்கும் கழிப்பறை எங்கே என்பது அடுத்த கேள்வி. இரவுப் பணிக்கு அலுவலக வண்டி இருக்கிறது. அது அதிகாலையில் ஆட்களை இறக்கிவிட்டுச் சும்மாதான் நிற்கிறது. சனிக்கிழமை மட்டும் அதில் ஒன்றைத் திருப்பிவிட்டால் போதும். கழிப்பறைக்கும் வழி இருக்கிறது. ஓட்டத்தை அலுவலக வாசலிலிருந்தே தொடங்கலாம். கட்டடம் 24 மணி நேரமும் திறந்துதானே இருக்கிறது.

மருத்துவப் பரிசோதனையை ஒரு கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். "என் உடல்நலத்துக்கு நானே பொறுப்பு" என்று எழுதி வாங்கும் தாள் உங்களைக் காப்பாற்றும், ஓடுகிறவனைக் காப்பாற்றாது. 35 வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் செப்டம்பரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு, அரை மாரத்தான்களில் ஓடிய ஒரு கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்தார்கள். ஓடும்போதோ முடித்த உடனேயோ இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அவர்களில் 42 பேர் இறந்துவிட்டார்கள். அபூர்வம்தான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிழைத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த யாரோ உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததால் பிழைத்தவர்கள். அந்த முதலுதவியை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். ஓடுகிற 25 பேருக்கும் சொல்லிக்கொடுங்கள். அலுவலகத்துக்கும் பயன்படும், வீட்டுக்கும் பயன்படும்.

அப்புறம், வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வையுங்கள். பெயர் கொடுத்தவர் ஓட்டத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் என்றோ தூக்கமில்லை என்றோ விலகினால், யாரும் காரணம் கேட்கக் கூடாது. 21-லிருந்து 10-க்கு மாற விரும்பினால் மாறிக்கொள்ளட்டும். யார் எத்தனை கிலோமீட்டர் என்று தரவரிசை போட்டுச் சுவரில் ஒட்டுவதை நிறுத்துங்கள். எந்த மேலாளரும் தன் அணியில் இருப்பவரிடம் தூரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஓடுகிறவர்களுக்குள் பேசிக்கொள்கிறோம், எங்களுக்கு ஒருவருக்கொருவர் பணி மதிப்பீடு எழுதும் உரிமை இல்லை.

இதெல்லாம் உங்கள் ஒருவர் கையில் இல்லை, மேலிடம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மேலாளர் போன வருடம் வெள்ளி இரவு அழைப்புகளை வியாழக்கிழமைக்கு மாற்றிப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டே மாற்றினார். அவர்கள் பக்கத்தில் ஒருவர், தானும் ஓடுகிறவர், முதல் அழைப்பில் பத்து நிமிடம் ஷூவைப் பற்றித்தான் பேசினார் என்று கேள்விப்பட்டேன். அந்த அணியிலிருந்து 6 பேர் ஓடினார்கள், 6 பேரும் நல்லபடியாகத் திரும்பினார்கள்.

அந்தத் தம்பி மருத்துவமனையிலிருந்து வந்து ஏழு மாதம் ஓடவில்லை. ஷூவைத் தன் ஊரில் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். நான் வற்புறுத்தவில்லை. போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கூப்பிடாமலே வந்தான். புது ஷூ. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான், சீட்டையும் காட்டினான். மூன்று கிலோமீட்டர் பஸ்ஸில் ஓடிவிட்டு இறங்கிக்கொண்டான். இப்போது 8 கிலோமீட்டர் ஓடுகிறான். ஒவ்வொரு தண்ணீர் நிறுத்தத்திலும் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பான், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்பான். சரியான பதில் வந்தால்தான் அடுத்த ஆளிடம் போவான்.

வரும் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு எதிரில் புறப்படுகிறோம். இந்தத் துறைகளில் இருக்கும் நீங்கள் ஒரே ஒரு நாள் வாருங்கள். ஓட வேண்டாம், நடந்தாலும் சரி, தண்ணீர் மேசையில் நின்றாலும் சரி. உப்புக் கரைசலும் கடலைமிட்டாயும் நாங்கள் கொண்டுவருகிறோம். வெள்ளி இரவு அழைப்பு ஏதாவது இருந்தால் மட்டும், அதைத் தள்ளிவைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகங்களில் ஒன்றில் ஓடும் ஒருவன்